கடைமடைக்குத் தண்ணீர் வரும் வழி: அமெரிக்காவின் மீட்சி நிதியும் நிலவெளி வடிவமைப்பாளர்களும்

பொருளாதாரம் சரியும்போதெல்லாம் அமெரிக்க அரசு ஒரு பெருந்தொகையை அறிவிக்கிறது. அறிவிப்பு வந்த மறுநாளே அதில் நம் தொழிலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற பேச்சு எல்லாத் தரப்பிலும் தொடங்கிவிடுகிறது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் எனப்படும் நிலவெளி வடிவமைப்பாளர்கள் இந்தப் பேச்சில் அடிபடும்போது மூன்று எண்ணங்கள் சேர்ந்தே வருகின்றன. அவர்கள் தோட்டம் போடுபவர்கள். அரசு அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. அவர்களுடைய சங்கம் வாஷிங்டனில் ஆள் பிடித்து அந்தத் தொகையை வாங்கித் தருகிறது. மூன்றுமே பிழை. எங்கே பிழை என்று காட்டுவதற்கு, அந்தத் தொழிலையும் அரசுப் பணம் நடந்து வரும் பாதையையும் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோட்டம் போலத் தெரியும் வடிகால்

ஒரு கட்டடத்தின் சுவருக்கு உள்ளே இருப்பதைக் கட்டடக் கலைஞர் வடிவமைக்கிறார். சுவருக்கு வெளியே இருக்கும் நிலம் எந்தப் பக்கம் சரிய வேண்டும், அதில் விழும் மழை எங்கே போக வேண்டும், நடப்பவர் எங்கே நடப்பார், நிழல் எங்கே விழும் என்பவற்றைத் தீர்மானிப்பவர் நிலவெளி வடிவமைப்பாளர். பூங்கா, தெரு, ஆற்றங்கரை, பள்ளி வளாகம், மூடப்பட்ட தொழிற்சாலை மனை ஆகிய எல்லாமே அவருடைய வேலைக்களம்.

அமெரிக்க நகரங்களில் இப்போது பரவலாகக் காணப்படும் சாலையோரப் பாத்தி ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். நடைபாதையின் விளிம்புக் கல் ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கும்; அந்த வாய் வழியாகச் சாலையின் மழைநீர் உள்ளே இறங்கும். பாத்தி சாலையைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கும். அதன் மண், நீரைச் சீக்கிரம் உறிஞ்சுவதற்காக மணல் மிகுதியாகக் கலக்கப்பட்டது. செடிகளோ சில மணி நேர வெள்ளத்தையும் பல வார வறட்சியையும் தாங்கக்கூடியவை. இவை அத்தனையும் கொள்ளாத அளவுக்கு நீர் வந்தால், அது வழிந்து வடிகாலில் சேர்வதற்கு மேலே ஒரு திறப்பு வைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு இது பூச்செடிப் பாத்தி. நகராட்சிக்கு இது வடிகால்.

பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பினால் இரண்டும் கலந்து ஆற்றில் கொட்டுகின்றன. இதைத் தடுக்கப் பூமிக்கடியில் பெருங்குழாய்கள் பதிக்கலாம், அல்லது மழைநீரைக் குழாய்க்குப் போகுமுன் மண்ணிலேயே நிறுத்தலாம். இரண்டாவது வழிக்குப் பசுமைக் கட்டமைப்பு என்று பெயர். பிலடெல்பியா நகரம் 2011இல் இதையே முதன்மையாகக் கொண்டு 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஓர் ஏக்கர் கடினத் தரையில் விழும் முதல் அங்குல மழையைப் பிடித்து நிறுத்துவதே அதன் அளவுகோல். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் என்பது ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். அவ்வளவு நீரை ஒரு தெருவுக்குள் எங்கே வைப்பது என்பது நிலவெளி வடிவமைப்பாளரின் கணக்கு.

இந்தத் தொழிலுக்கான அமெரிக்கச் சங்கம், அதாவது அமெரிக்க நிலவெளி வடிவமைப்பாளர் சங்கம், 1899இல் 11 பேரால் தொடங்கப்பட்டது. பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் அவர்களில் ஒரே பெண். கலிபோர்னியா 1953இல் இத்தொழிலுக்கு உரிமம் கொண்டுவந்தது. இன்று 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இதைச் சட்டப்படி ஒழுங்குபடுத்துகின்றன. உரிமத்தின் பேச்சு பின்னால் மறுபடியும் வரும்.

சரிவு ஏன் இவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது

ஒரு கட்டுமானத்தில் நிலவெளி வேலை கடைசியில் வருகிறது. அடித்தளம், சுவர், கூரை, மின்சாரம் எல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் பணத்தில்தான் வெளிநிலத்தைச் செய்கிறார்கள். பணம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. ஆற்றில் நீர் குறையும்போது தலைமடை நனையும், கடைமடை காயும். இந்தத் தொழில் கடைமடையில் பயிர் வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கட்டுமானம் தொடங்கியது. 2009இல் அந்த எண்ணிக்கை 5.5 லட்சம் அளவுக்கு விழுந்தது. புதுக் குடியிருப்புகளின் தெருக்களையும் பூங்காக்களையும் நம்பியிருந்த அலுவலகங்களுக்கு இது நான்கில் மூன்று பங்கு வாசல் அடைபட்டதற்குச் சமம். தனியார் வேலை வற்றியபின் எஞ்சுவது அரசு வேலை. இத்தொழில் அரசின் கொள்கையைக் கூர்ந்து கவனிப்பதன் காரணம் அதுதான்.

இது புதிதும் அல்ல. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வேலைக்கு, இத்தொழிலின் முன்னோடியான பிரடெரிக் லா ஓல்ம்ஸ்டெட் 1857 செப்டம்பரில் கண்காணிப்பாளராக அமர்ந்த சில வாரங்களிலேயே நிதி நெருக்கடி வெடித்து, வேலை இழந்தோர் கூட்டம் கூட்டமாக அந்தப் பூங்கா வேலையைத் தேடி வந்தனர். 1933 முதல் 1942 வரை நடந்த குடிமக்கள் பாதுகாப்புப் படை என்ற திட்டத்தில் ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்கள் பணியாற்றி 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை நட்டனர். மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. அந்தப் படையின் பூங்கா வேலைகளைத் தேசியப் பூங்காத் துறையில் இருந்து நடத்திய கான்ராட் வர்த் ஒரு நிலவெளி வடிவமைப்பாளர். 1951இல் அத்துறையின் இயக்குநரும் ஆனார். மண் வேலைக்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும், அந்தக் கைகளுக்கு யாராவது வரைபடம் கொடுக்க வேண்டும். மந்தநிலையில் அரசும் இந்தத் தொழிலும் சந்திக்கும் புள்ளி இதுவே.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நிலவெளி வடிவமைப்பாளர் நீரையும் நிலத்தையும் கணக்கிடுபவர், தனியார் கட்டுமானம் நின்றால் அவருக்கு அரசு வேலையே ஆதாரம். அரசு அவருக்கு உதவித்தொகை தருவதில்லை. பூங்காவும் சாலையும் வடிகாலும் கட்டுகிறது, அவற்றை வடிவமைக்கும் வேலையே அவருக்கு வருகிறது.

அறிவித்த பணமும் ஒதுக்கிய பணமும்

அடுத்த குழப்பம் பணத்தைப் பற்றியது. வங்கி ஒருவருக்கு 10 லட்சம் கடன் தரலாம் என்று ஒப்புதல் கடிதம் கொடுப்பதும், அந்தத் தொகை அவர் கணக்கில் வந்து விழுவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிலும் (கட்சி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்) இந்த இரண்டும் தனித்தனிச் சட்டங்கள். ஒரு திட்டம் இருக்கலாம், அதற்கு இவ்வளவு வரை செலவிடலாம் என்று சொல்வது அனுமதிச் சட்டம். இந்த ஆண்டு இவ்வளவு எடுத்துக்கொள் என்று கருவூலத்தைத் திறப்பது ஒதுக்கீட்டுச் சட்டம். செய்தித்தாள் பெரும்பாலும் முதலாவதையே தலைப்பாக்குகிறது. வேலை இரண்டாவதில் இருந்துதான் பிறக்கிறது.

இதற்கு நில, நீர் பாதுகாப்பு நிதியைவிடத் தெளிவான சான்று கிடையாது. பூங்காவுக்கு நிலம் வாங்கவும் அதை மேம்படுத்தவும் 1964இல் சட்டமாகி, 1965 முதல் நடக்கும் நிதி இது. அதன் வருவாய் பெரும்பாலும் மக்கள் கட்டும் வரியில் இருந்து வருவதில்லை. கடலடி எண்ணெய், எரிவாயு உரிமத் தொகையில் இருந்து வருகிறது. ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை செலவிட அனுமதி இருந்தும், ஓரிரு ஆண்டுகளைத் தவிர அந்த முழுத் தொகையைக் காங்கிரஸ் ஒதுக்கியதே இல்லை; மிச்சம் வேறு செலவுகளுக்குப் போனது. 2019இல் அனுமதி நிரந்தரமாக்கப்பட்டது. அப்போதும் ஒதுக்கீடு ஆண்டுதோறும் போராட்டமாகவே இருந்தது. 2020 ஆகஸ்டில் நிறைவேறிய வெளிப்புற நிலங்களுக்கான சட்டம்தான் 90 கோடியையும் ஆண்டுதோறும் தானாக ஒதுக்கப்படுமாறு செய்தது. சங்கமும் பிற பூங்கா அமைப்புகளும் பல ஆண்டுகளாகக் கேட்டது இதைத்தான். ஒரு வரியில் சொல்லக்கூடிய கோரிக்கை, அரை நூற்றாண்டுக் காத்திருப்பு.

ஒதுக்கப்பட்ட பணம் இரண்டு வாய்க்கால்களில் இறங்குகிறது. மக்கள்தொகை, சாலை நீளம் போன்ற அளவுகளை வைத்து மாநிலங்களுக்குத் தானாகப் பங்கிடப்படுவது வாய்பாட்டு மானியம். விண்ணப்பங்களை வாங்கி, மதிப்பெண் போட்டு, சிலருக்கு மட்டும் கொடுப்பது போட்டி மானியம். முதலாவதில் தொகை பெரிது, மாநிலத் துறையின் பழக்கம் அதை நடத்துகிறது. இரண்டாவதில் தொகை சிறிது, நல்ல திட்டம் தன் பலத்தால் வெல்லக்கூடிய இடம் அது.

2009ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறந்து பார்த்தால்

2009 பிப்ரவரி 17 அன்று ஒபாமா கையெழுத்திட்ட மீட்பு, மறுமுதலீட்டுச் சட்டத்தின் மதிப்பு அப்போது 78,700 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. வேலையின்மை அந்த அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. இந்தச் சட்டத்தில் நிலவெளி வடிவமைப்பாளர்களுக்கு என்று ஒரு தலைப்பைத் தேடினால் கிடைக்காது. அவர்களுக்கான வேலை வேறு தலைப்புகளுக்குள் சில சிறு வாக்கியங்களில் ஒளிந்திருந்தது.

நெடுஞ்சாலைக்கு 2,750 கோடி டாலர். அதில் மாநிலங்களுக்குப் பங்கிட்ட தொகையில் 3 விழுக்காட்டைப் போக்குவரத்து மேம்பாட்டுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 1991இல் பிறந்த இந்த வகைக்குள் நடைபாதை, மிதிவண்டிப் பாதை, சாலையோர நிலவெளி வேலை ஆகியவை அடங்கும். 3 விழுக்காடு அற்பம் போலத் தெரியும். தொகையாகப் பார்த்தால் சுமார் 80 கோடி டாலர்.

கழிவுநீருக்கும் குடிநீருக்கும் மாநிலங்கள் நடத்தும் சுழல் நிதிக்குச் சேர்த்து 600 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. கடன் திரும்பி வர வர மறுபடியும் கடனாகப் போகும் நிதி என்பதால் அதற்குச் சுழல் நிதி என்று பெயர். அதில் குறைந்தது 20 விழுக்காடு பசுமைக் கட்டமைப்பு, நீர்ச் சிக்கனம், ஆற்றல் சிக்கனம் போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த இடத்தில் பசுமைக் கட்டமைப்பு என்ற இரண்டு சொற்கள் இல்லாதிருந்தால், பணம் முழுவதும் வழக்கம்போலக் குழாய்க்குள்ளேயே போயிருக்கும். ஆனால் அதே வாக்கியத்தில், போதுமான விண்ணப்பங்கள் இருந்தால் என்ற ஒரு விலக்கும் இருந்தது. மதகைத் திறந்து வைத்துவிட்டு, வயல் தயாராக இல்லையென்றால் நீர் வேறு பக்கம் திரும்பும் என்றது சட்டம்.

மூன்றாவது, டைகர் என்ற பெயரில் வந்த 150 கோடி டாலர் போட்டி மானியம். 1,400க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் ஏறக்குறைய 6,000 கோடி டாலர் கேட்டன. 2010 பிப்ரவரியில் 51 திட்டங்கள் தேர்வாயின. அவற்றுள் ஒன்று இண்டியானாபொலிஸ் நகரின் பண்பாட்டுப் பாதை. நகர மையத்தைச் சுற்றி 8 மைல் நீளத்துக்கு நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் தனித்தனித் தடம், அவற்றையொட்டி மழைநீரை வாங்கும் பாத்திகள். 2007இலேயே கட்டத் தொடங்கப்பட்ட இந்தப் பாதைக்கு ஒரு குடும்பம் 1.5 கோடி டாலர் நன்கொடை கொடுத்திருந்தது. டைகரில் இருந்து 2.05 கோடி டாலர் வந்தது, சுமார் 6.3 கோடி டாலர் செலவில் 2013இல் முடிந்தது. அழகு என்பதற்காக அது வென்றது என்று நான் நம்பவில்லை. பாதியில் நின்ற வேலை, கையில் வரைபடம், உள்ளூர்ப் பணம் ஆகிய மூன்றும் ஏற்கெனவே அதற்கு இருந்தன.

நாளையே மண் வெட்டத் தயாரா?

மந்தநிலைப் பணத்துக்கு அவசரம் உண்டு. 2009இல் நெடுஞ்சாலைத் தொகையில் ஒரு பகுதியை மாநிலங்கள் 120 நாட்களுக்குள் கடப்பாடாக்க வேண்டியிருந்தது. கடப்பாடு என்றால், இன்ன வேலைக்கு இந்தப் பணம் என்று சட்டப்படி கட்டிப்போடுவது. சுழல் நிதியின் திட்டங்கள் 2010 பிப்ரவரி 17க்குள் ஒப்பந்தமாகியிருக்க வேண்டும்; தவறினால் பணம் வேறு மாநிலத்துக்கு மாற்றப்படும். அந்நாளில் எல்லோர் வாயிலும் இருந்த சொல், மண் வெட்டத் தயார் என்பதுதான்.

இந்த அவசரம் நடுநிலையானது அல்ல. பழைய சாலைக்கு மேல் ஒரு படலம் தார் போடுவதற்குப் பெரிய வரைபடமோ மக்கள் கூட்டமோ சுற்றுச்சூழல் ஆய்வோ தேவைப்படாது, வாரங்களில் தொடங்கிவிடலாம். ஒரு தெருவை மரத்தோடும் பாத்தியோடும் மறுபடி வடிவமைக்க ஓராண்டாவது ஆகும். ஆகவே விரைவை மட்டும் அளக்கும் சட்டம் தாரையே தேர்ந்தெடுக்கும், அதை எழுதியவர் மரத்தை எவ்வளவு நேசித்தாலும். பணம் வந்தபின் வரையத் தொடங்குபவர், வெள்ளம் வந்தபின் வாய்க்கால் வெட்டுபவர். நல்ல ஆண்டுகளில் நகராட்சிகள் வரைபடச் செலவுக்குச் சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்பதும், கட்டுமானத்துக்கு மட்டுமன்றித் திட்டமிடலுக்கும் மானியம் வேண்டும் என்பதும் இதனால்தான் வலுவான கோரிக்கைகள் ஆகின்றன.

மறுபடியும் சுருக்கம்: அனுமதி வேறு, ஒதுக்கீடு வேறு, கடப்பாடு வேறு. இத்தொழிலுக்கான பங்கு பெருந்தொகையின் தலைப்பில் இல்லை. உள்ளே இருக்கும் விழுக்காட்டிலும் விளக்கச் சொல்லிலும் கெடுவிலும் இருக்கிறது.

கொள்கைப் பரிந்துரை என்பது என்ன

அந்த விழுக்காட்டையும் சொல்லையும் கெடுவையும் பற்றிச் சட்டம் எழுதுபவரிடமும் நடைமுறைப்படுத்துபவரிடமும் பேசுவதே கொள்கைப் பரிந்துரை. அதில் ஒரு பகுதி, குறிப்பிட்ட மசோதாவுக்காக உறுப்பினர்களை நேரடியாக அணுகுவது; அதற்கு லாபியிங் என்று பெயர். தொழிலாகச் செய்பவர்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, யாருக்காக, எந்தப் பொருளில், எவ்வளவு செலவில் பேசினார்கள் என்று வெளியிட வேண்டும். லாபியிங் என்றாலே திரைமறைவு என்று எண்ணுவது பாதி உண்மைகூட ஆகாது. மறுபகுதியோ முற்றிலும் திறந்தவெளி. ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தும் துறை, விதியின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1946இல் இருந்தே சட்டம் சொல்கிறது. அங்கே எழுத உரிமமும் தேவையில்லை, சங்கமும் தேவையில்லை.

பணமே பேசப்படாத பரிந்துரைகள்தான் நெடுநாள் பலன் தருகின்றன என்பது என் கருத்து. 2007ஆம் ஆண்டு ஆற்றல் சட்டத்தின் 438ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். 5,000 சதுர அடிக்கு மேல் இடம் பிடிக்கும் எந்தக் கூட்டாட்சி அரசுக் கட்டுமானமும், கட்டுவதற்கு முன் அந்த நிலத்தில் நீர் எப்படி ஓடியதோ அதை இயன்றவரை அப்படியே காக்க வேண்டும் என்கிறது அது. ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு அரசு வளாகத்துக்கும் நீரையும் மண்ணையும் அறிந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

உரிமமும் இப்படிப்பட்டதே. 1972ஆம் ஆண்டு புரூக்ஸ் சட்டப்படி, கட்டடக் கலை, பொறியியல் சேவைகளைக் கூட்டாட்சி அரசு குறைந்த விலைக்காரரிடம் வாங்குவதில்லை. முதலில் தகுதியைப் பார்த்து, பிறகே விலை பேசுகிறது. எது அப்படிப்பட்ட சேவை என்ற விளக்கம் மாநில உரிமச் சட்டங்களைச் சுட்டி நிற்கிறது. இல்லினாய் மாநிலத்தில் இத்தொழிலுக்கான சட்டம் புதுப்பிக்கப்படாமல் 2020 தொடக்கத்தில் காலாவதியானது. 2021இல் புதுச் சட்டம் வரும்வரை அங்கே பதிவு என்ற ஒன்றே இல்லாமல் போனது. அதைத் திரும்பப் பெறச் செய்த வேலை எந்தத் தலைப்புச் செய்தியிலும் ஊக்கத் திட்டமாகக் கணக்கில் வராது.

2023 ஜூலையில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நிலவெளி வடிவமைப்புப் படிப்பை அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் சேர்த்தது. மாணவர் விசாவில் படித்து முடித்த வெளிநாட்டவர் அங்கே 12 மாதம் பணிப்பயிற்சி பெறலாம் என்றிருந்ததோடு மேலும் 24 மாதம் கோரும் வழி இதனால் திறந்தது. இதுவும் ஒரு பட்டியலில் ஒரு வரி.

2021க்குப் பின்

கொரோனாவுக்குப் பிறகு 2021 மார்ச்சில் வந்த சட்டம் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு 35,000 கோடி டாலர் கொடுத்தது. வடிகால் வேலை அதில் அனுமதிக்கப்பட்டிருந்தது; பெருந்தொற்றால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் பூங்காக்களும் ஏற்புடையவை என்று கருவூலத் துறையின் இறுதி விதி 2022 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. கடப்பாடாக்கக் கெடு 2024 டிசம்பர் 31. 2009இன் 120 நாளோடு ஒப்பிட்டால், வடிவமைப்புக்கு மூச்சுவிட இடம் இருந்தது.

பணம் திரும்பிப் போகவும் கூடும். நெடுஞ்சாலைகளால் துண்டிக்கப்பட்ட குடியிருப்புகளை மறுபடி இணைக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய மானியத்தில் கடப்பாடாகாமல் கிடந்த பகுதியைக் காங்கிரஸ் 2025 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. மானியம் அறிவிக்கப்பட்டும் ஒப்பந்தம் கையெழுத்தாகாதிருந்தால், அந்தப் பணமும் கடப்பாடாகாத பணமே.

எனவே ஒரு சிறு அலுவலகம் வாஷிங்டனைப் பார்த்துக் காத்திருப்பதைவிட, இரண்டு உள்ளூர் ஆவணங்களைத் தேடிப் படிப்பது பயன் தரும். ஒன்று, சுழல் நிதியை இந்த ஆண்டு எந்தெந்தத் திட்டத்துக்குக் கொடுக்கப்போகிறோம் என்று மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் பயன்பாட்டுத் திட்டம். மற்றொன்று, 50,000க்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்பகுதி ஒவ்வொன்றிலும் இருக்கும் பெருநகரத் திட்டமிடல் அமைப்பு, குறைந்தது 4 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் போக்குவரத்துத் திட்டப் பட்டியல். கூட்டாட்சிப் பணத்தில் ஒரு தெரு மாற வேண்டுமானால் அது பொதுவாக இந்தப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். இரண்டையும் இறுதியாக்குமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும்; அதற்காக நடக்கும் கூட்டத்தின் நாளும் இடமும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன.